எட்டாம் நம்பர் வாழ்த்தும் கைபேசிச் செயலியும்

2013-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தில்லி ஜன்பத் சாலையில், ஈஸ்டர்ன் கோர்ட் கட்டடத்தில் இருந்த மத்திய தந்தி அலுவலகத்தில் என்றுமில்லாத கூட்டம். 1850-ல் கல்கத்தாவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தந்திக்கு அன்றுதான் கடைசி நாள். அதுவரை தந்தி ஆபீஸ் படியை மிதித்தே இராத இளைஞர்கள்கூட, ஒரு ஞாபகத்துக்காக, வரிசையில் நின்று பெற்றோருக்குத் தந்தி கொடுத்தார்கள்.

பிழைப்புக்காகத் தலைநகர் வந்த தமிழர்களுக்கு ஒரு காலத்தில் இரண்டு வகைத் தந்திகள் பழக்கம். முதல் வகை வயிற்றைக் கலக்குவது. "உடனே புறப்பட்டு வரவும்" என்ற சொற்களைப் படித்ததுமே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கை நடுங்கும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்குமா என்ற கவலை அதற்குப் பிறகு. இரண்டாவது வகை வாழ்த்துத் தந்தி. இது அலங்காரமான உறையில் வரும். தந்திச் சேவகர் வாசலில் நிற்கும்போதே, அழ வேண்டியது இல்லை என்று உறையைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

வாழ்த்துத் தந்தியில் வாசகத்தை எழுதும் சிரமம் கிடையாது. தந்தி இலாகாவே வாசகங்களை அச்சிட்டு நம்பர் போட்டு வைத்திருந்தது. தீபாவளி வாழ்த்துக்கு 1-ம் நம்பர். நீண்ட இன்பமான இல்லற வாழ்வு அமைய வாழ்த்து என்றால் 8. மணமக்கள் மீது தெய்வத்தின் ஆசிகள் பொழியட்டும் என்றால் 16. நம்பர் மட்டும்தான் கம்பியில் போகும். மறுமுனையில் அதற்குரிய முழு வாசகத்தை எழுதிக் கொடுப்பார்கள். நம்பர் தவறி, கல்யாண வீட்டுக்குத் தேர்தல் வெற்றிப் பாராட்டு போய்ச் சேர்ந்த கதையை அந்நாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஊரில் ஒரே முகூர்த்தத்தில் நான்கு கல்யாணம் நடந்தால் நான்கு வீட்டுக்கும் எட்டாம் நம்பர்தான் போயிருக்கும். ஆனால் அதைப் பெற்றவர்கள் யாரும் குறைப்பட்டதில்லை. வாசகம் இலாகாவுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அனுப்பியவர் தேதியை நினைவில் வைத்திருந்தார், ஆபீஸில் பர்மிஷன் போட்டார், வரிசையில் நின்றார், சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவு செய்தார் என்பதும் தெரியும். அந்த நினைவுக்குத்தான் மரியாதை. கல்யாணப் பந்தலில் தந்திகளை உரக்கப் படிப்பார்கள். "தில்லியிலிருந்து" என்று படிக்கும்போது பையனின் தகப்பனார் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

தந்தி கொடுக்க வசதி இல்லாத தொழிலாளிக்கு மணியார்டர் பாரத்தின் அடியில் இருந்த துண்டுச் சீட்டு கைகொடுத்தது. நாலு வரிக்கு மேல் எழுத இடமில்லை. "அம்மாவுக்குச் சேலை எடுக்கவும், பொங்கலுக்கு வர முடியவில்லை, எல்லோரும் சுகமா" என்பதை அதற்குள் அடக்குவதற்கு ஒரு தனித் திறமையே வேண்டும்.

பிறகு கைபேசி வந்தது. உலகத்தின் முதல் குறுஞ்செய்தியே ஒரு வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், வோடபோன் நிறுவனத்து அதிகாரி ஒருவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தை அனுப்பினார். நம் நாட்டில் குறுஞ்செய்தி பரவியபோது கைபேசிக் கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. தீபாவளி, புத்தாண்டு போன்ற நாட்களில் சலுகைக் கட்டணம் கிடையாது என்று வைத்தன. ஆகவே சிக்கனக்காரர்கள் தீபாவளி வாழ்த்தை முதல் நாள் இரவே அனுப்பி விடுவார்கள்.

வாட்ஸ்அப் வந்ததும் அந்தச் செலவும் போயிற்று. 2017-ம் ஆண்டின் கடைசி நாளில் மட்டும் இந்தியாவில் 2,000 கோடி வாட்ஸ்அப் செய்திகள் பரிமாறப்பட்டதாக அந்த நிறுவனம் தெரிவித்தது. ரோஜாப்பூவும் உதய சூரியனும் போட்ட காலை வணக்கப் படங்கள் கைபேசிகளை அடைத்து, அவற்றை நகரவிடாமல் செய்கின்றன என்று கூகிள் பொறியாளர்கள் கண்டறிந்த செய்தி 2018-ல் வெளிவந்தது. கடனுக்கு வாங்கிய சின்னக் கைபேசியை வைத்திருக்கும் தொழிலாளிக்கு இது வேடிக்கை அல்ல. ஊரிலிருந்து வரவேண்டிய மகனின் மார்க் ஷீட்டுக்கு இடமில்லாமல் இருநூறு ரோஜாப்பூ உட்கார்ந்திருக்கும்.

தந்தி இலாகா வாசகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டு, நினைவை மனிதனிடம் விட்டது. கைபேசி இரண்டையுமே வாங்கிக் கொண்டது. யாருக்கு என்றைக்கு என்று அதுவே சொல்கிறது. என்ன எழுதுவது என்பதற்கும் அதுவே படம் தருகிறது. மனிதன் செய்ய வேண்டியது விரலால் ஒரு தட்டு. பெறுகிறவருக்கும் இது தெரிந்து விடுவதால், பதிலுக்கு அவரும் ஒரு தட்டு.

அப்படியானால் விசேஷங்களை நினைவூட்டி வாழ்த்து அனுப்ப உதவும் ஒரு செயலியை நம்மவர்களுக்கென்று வடிவமைத்தால் அது எப்படி இருக்க வேண்டும்? தந்தி இலாகா செய்ததைத் தலைகீழாக்க வேண்டும். நினைவை இயந்திரம் சுமக்கட்டும். வாசகத்தை மனிதன் எழுதட்டும். சொல்வதற்குச் சுலபம். ஆனால் தமிழ் வீட்டு விசேஷங்களை நினைவில் வைப்பது இயந்திரத்துக்கு அத்தனை எளிதான வேலை அல்ல.

தேதியா, நட்சத்திரமா?

ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் ஒரு குமாஸ்தாவின் வீட்டை எடுத்துக் கொள்வோம். சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர். அதில் பால் கணக்கும் இருக்கும். சிவப்புப் பென்சிலால் வட்டமிட்ட நாட்களும் இருக்கும். வருஷப் பிறப்பன்று வீட்டு அம்மாள் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த வட்டங்களைப் போடுகிறாள். ஆவணி திருவோணம் மாமனாருக்கு. தை பூசம் பெரிய பிள்ளைக்கு. இங்கிலீஷ் தேதி ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். வீட்டில் நட்சத்திரம்தான்.

கைபேசியில் உள்ள சாதாரணக் காலண்டருக்கு இது புரிவதில்லை. ஆகஸ்ட் 28 என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஆயுசு முழுவதும் ஆகஸ்ட் 28-லேயே மணி அடிக்கும். நட்சத்திரப் பிறந்த நாளோ ஓடிக்கொண்டே இருப்பது. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளும் சுமார் எட்டு மணி நேரமும் ஆகும். அதனால் ஒரே நட்சத்திரம் அடுத்த ஆண்டு பத்து நாள் முன்னதாக வரும். தமிழ் மாதத்தின் தொடக்கத்தைத் தாண்டிப் போய்விட்டால், அதற்கு அடுத்த சுற்றைப் பிடிக்க வேண்டும். அப்போது பதினேழு நாள் தள்ளிப் போகும். சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் இருமுறை வந்து நிற்கும். எதைக் கொள்வது? பிந்தியதைக் கொள்ளும் வீடுகள் பல. வேறு வழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. செயலி தானாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "உங்கள் வீட்டில் எப்படி?" என்று ஒரு தடவை கேட்டு, பதிலைக் குறித்துக் கொள்வதே மரியாதை.

கணக்கு கடினமில்லை. வான வட்டம் 360 பாகை. ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைவெளி 12 பாகை கூடும்போது ஒரு திதி. இன்றைய சின்னக் கைபேசிகூட இதைக் கண் சிமிட்டும் நேரத்தில் போட்டுவிடும். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒத்துப் போகாத நாட்கள் உண்டு. தேசம் முழுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்றுதான் விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. 1955-ல் அது அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டியாக நடைமுறைக்கு வந்தது. சர்க்கார் வெளியிடும் ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் தமிழிலும் கிடைக்கிறது. ஆனாலும் மாமியார் வீட்டில் எந்தப் பஞ்சாங்கமோ அதுதான் செல்லும் என்பதை எந்தக் குழுவாலும் மாற்ற முடியவில்லை.

தில்லிவாசிக்கு இன்னொரு தொல்லை. பஞ்சாங்கத்தில் நாழிகைக் கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழுந்துவிடுகிறான். தில்லியில் பனிமூட்டத்துக்குப் பின்னால் அவன் எழும்போது ஏழே கால் ஆகிவிடும். உதயத்துக்கு இருக்கும் நட்சத்திரம் என்று பார்த்தால், தில்லியில் அன்று, சென்னையில் மறுநாள் என்றுகூட வரலாம். ஆகவே செயலி ஊர் கேட்க வேண்டும். அதுவும் அனுப்புகிறவர் ஊரை அல்ல. யாருக்குப் பிறந்த நாளோ அவருடைய ஊரை.

அறுபதாம் கல்யாணம் தனி விஷயம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் ஒரு சுற்று. பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வரும்போதுதான் அறுபது நிறைகிறது. 1966 ஏப்ரல் நடுவில் தொடங்கிய பராபவத்தில் பிறந்தவர்களுக்கு, 2026 ஏப்ரலில் தொடங்கும் பராபவத்தில் சஷ்டியப்த பூர்த்தி. இதற்கு மூன்று நாள் முன்பு மணி அடித்துப் பிரயோஜனம் இல்லை. ரயிலுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும். லீவுக்கு எழுதிப் போட வேண்டும். சித்தப்பாவின் அறுபதுக்கு வராமல் மறுவாரம் வாழ்த்துப் படம் அனுப்பிய பையனைப் பற்றி, "தில்லிக்குப் போனதும் மறந்துட்டான்" என்று ஒரு சொல் விழும். விழுந்த சொல் பத்து வருஷம் போனாலும் அழியாது. ஊரில் உள்ளவன் மறந்தால் அது மறதி. வெளியூர் போனவன் மறந்தால் அது கர்வம்.

தேதியே போதும் என்கிற வீடுகளும் ஏராளம். ஜங்புராவிலும் திரிலோக்புரியிலும் வேலைக்கு வந்த குடும்பங்களில் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதிதான் பிறந்த தேதி; அதுவே ஹெட்மாஸ்டர் போட்ட தேதியாகவும் இருக்கலாம். முஸ்லிம் வீடுகளில் பெருநாள் பிறை பார்த்து வரும். இவற்றுக்கெல்லாம் இடம் விடாமல் நட்சத்திரத்தையே பிடித்துக் கொண்டிருந்தாலும் செயலி பாதிப் பேருக்கு உதவாமல் போய்விடும்.

அங்கிள் என்ற ஒரு சொல்

உறவு என்ன என்று கேட்டு, "அங்கிள்", "ஆண்டி" என்று இரண்டு கட்டங்களை மட்டும் காட்டும் செயலியை நம்மவர்கள் என்ன செய்வார்கள்? பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர் எல்லோரும் அங்கிளா? அழைப்பு மாறினால் வாழ்த்தும் மாறும். தம்பிக்கு "நல்லா இருடா" என்றால் போதும். சித்தப்பாவை வாழ்த்த முடியாது. வணங்கித்தான் எழுத வேண்டும். வயதில் சிறியவன் பெரியவருக்கு ஆசி வழங்கும் அபத்தத்தை ஆயத்த வாசகங்கள் தினமும் செய்து கொண்டிருக்கின்றன.

பெயரிலும் வம்பு உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தால் தமிழன் இரண்டாவதில் தகப்பனார் பெயரை எழுதுவான்; வேறு வழியில்லை. தில்லி ஆபீஸ்களில் இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னதன் பலனாக, ஊழியரை விட்டு அவர் தகப்பனாரைக் கூப்பிடும் அனுபவம் இல்லாத தமிழர் இருக்க மாட்டார். செயலியும் அதே காரியத்தைச் செய்து, என்றோ காலமான தகப்பனாருக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னால் மனசு என்ன பாடுபடும்?

எழுத்தையும் கவனிக்க வேண்டும். தந்தியில் தமிழ் எழுத்து போகாது. அம்மாவுக்கு எழுத வேண்டியதையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதினார்கள். குறுஞ்செய்தியில் தமிழ் போகும். ஆனால் இங்கிலீஷுக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கு 70 இடம்தான். "பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" என்பதில் நம் கணக்கில் 14 எழுத்து. புள்ளியையும் கொம்பையும் இடைவெளியையும் தனித்தனியே எண்ணும் கைபேசிக் கணக்கில் 25. வாழ்த்துக்கள் என்று ஒற்று மிகுத்து எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடம் நஷ்டம். இலக்கணச் சண்டைக்கு இதுவும் ஒரு வாதமாக உதவக்கூடும்!

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படித்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குக் குரலைப் பதிவு செய்து அனுப்பும் வசதிதான் வழி. கண் மங்கிய பாட்டிக்கும் அதுவே சௌகரியம். பேரன் தடுமாறிச் சொல்லும் "நமஸ்காரம் பாட்டி" என்ற குரலுக்கு எந்த ரோஜாப்பூப் படமும் ஈடாகாது.

மாற்ற வேண்டிய ஒரு வரி

இந்த மாதிரிச் செயலிகளை அமைப்பவர்கள் அநேகமாக இளைஞர்கள். அதனால் ஒரு விஷயம் அவர்கள் மனசில் படுவதில்லை. பிறந்த நாள் பட்டியலில் இருப்பவர் ஒருநாள் இல்லாமல் போவார்.

அம்மா காலமான வருஷம், பன்னிரண்டாம் நாள் காரியம் முடித்துத் தில்லிக்குத் திரும்பி, வேலையில் மூழ்கியிருக்கும் மனிதனிடம் ஒரு காலையில் கைபேசி, "இன்று அம்மாவின் பிறந்த நாள், வாழ்த்து அனுப்பி விட்டீர்களா?" என்று பலூன் பறக்கவிட்டுக் கேட்டால்? ஃபேஸ்புக்கில் காலமானவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். மாற்றிவிட்டால் பிறந்த நாள் நினைவூட்டல் வராது. ஆனால் நிறுத்திவிட்டால் மட்டும் நம் வீட்டுக்குப் போதாது. அம்மாவின் பெயர் பட்டியலை விட்டுப் போவதில்லை. நட்சத்திரத்திலிருந்து திதிக்கு மாறுகிறது. சிவப்பு வட்டத்துக்குப் பதில் மாதம், பட்சம், திதி என்று ஒரு வரி. பிறந்த நாளுக்கு உதயத்தைப் பார்த்தவர்கள் சிராத்தத்துக்குப் பிற்பகலில் உள்ள திதியைப் பார்க்கிறார்கள். அந்த மாற்றத்தை ஒரே இடத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல், இரண்டு நிமிஷத்தில் செய்துகொள்ள வழி இருக்க வேண்டும். அன்றைக்கு யாருக்கும் வாழ்த்து அனுப்ப வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகளுக்கு, "வருகிற வியாழன் அம்மா திதி" என்று ஒரு வார்த்தை போனால் போதும். பேச்சு விட்டுப்போன சகோதரர்கள்கூட அந்த ஒரு செய்திக்குப் பதில் எழுதுவார்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். பிறந்த தேதி, கைபேசி எண், உறவினர் பெயர் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மோசடிக்காரனுக்குக் கொண்டாட்டம். பாங்கி ரகசிய எண்ணாகப் பிறந்த தேதியையே வைத்திருப்பவர்கள் நம்மிடையே கொஞ்ச நஞ்சமல்ல. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கோப்பைத் திறந்தால் கைபேசியே அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்று 2024 நவம்பரில் ஹிமாசலப் பிரதேசப் போலீசார் எச்சரித்தார்கள். ஆகையால் வீட்டுப் பட்டியல் வீட்டுக் கைபேசியிலேயே இருக்க வேண்டும். வெளியே எங்கும் போகக் கூடாது. தொடர்பு எண்கள் முழுவதையும் திறந்துவிடச் சொல்லும் செயலியைத் தொடாமல் இருப்பதே உசிதம்.

அதே சமயம் அந்தப் பட்டியல் தொலையாமலும் இருக்க வேண்டும். 2025 ஜூன் 1-ந் தேதி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். அடுத்த வீடு அடுத்த வீடாக இல்லாமல் போன அந்த வாரத்திலிருந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்பு என்றைக்கு என்று தெரிந்துகொள்ளக் கைபேசி எண் ஒன்றுதான் மிச்சம். சுவரில் எழுதி வைத்த தேதிகள் சுவரோடு போயின. இப்படிப்பட்டவர்கள் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளவும் செயலியில் வழி இருந்தால் நல்லது. கைபேசி உடைந்தாலும் தாள் இருக்கும்.

கடைசியாக, மணி எப்போது அடிப்பது என்ற கேள்வி. செயலிகளுக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிதான் பிரியம். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் அப்பா இரவு எட்டு மணிக்குப் படுத்துக் காலை ஐந்துக்கு எழுந்துவிடுவார். தில்லியில் மகனுக்கு ஆறரைக்குப் பஸ். இரவு திரும்ப ஒன்பது. இருவரும் விழித்திருந்து பேசக்கூடிய நேரம் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில், அல்லது ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணியில். மணி அப்போது அடிக்கட்டும். அடிக்கும்போது திரையில் படமும் வேண்டாம், எட்டாம் நம்பர் வாசகமும் வேண்டாம். அப்பாவின் பெயர், அன்றைய நட்சத்திரம், அதன் கீழே தொட்டால் போன் பேசக்கூடிய எண். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் உள்நாட்டில் பேசுவதற்குத் தனிக் கட்டணம் அநேகமாக இல்லாமல் போய்விட்டது. மூன்று நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டிரங்க் கால் பேசிய தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. மணி ஐந்தரை. அவர்கள் எழுந்து, பல் துலக்கி, காப்பிக்குக் காத்திருக்கும் நேரம்.